விசில் நின்ற பிறகு

வீட்டில் ஒரு நர்ஸ் இருக்கிறாள் என்ற செய்தி தெருக்கோடிவரை போய்ச் சேர ஒரு வாரம்கூட ஆகவில்லை. எல்லாம் அவளுடைய அப்பாவின் கைங்கரியம். அவர் தையல்காரர். சட்டைக்கு அளவு கொடுக்க வருகிறவன் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நிற்கும்போது எங்கேயும் ஓட முடியாது. அந்த நேரம் பார்த்து, மார்பைச் சுற்றி டேப்பைப் போட்டபடியே அவர் ஆரம்பித்துவிடுவார். "என் சின்னப் பொண்ணு பெரிய ஆஸ்பத்திரில நர்ஸு. படிச்சு முடிச்ச கையோட கூப்பிட்டு வேலை குடுத்துட்டாங்க." வந்தவன் சட்டை அளவோடு தன் முழங்கால் வலியையும் சொல்லிவிட்டுப் போவான்.

ஆஸ்பத்திரியில் ஆள் பற்றாக்குறை, யார் போனாலும் எடுத்துக்கொள்வார்கள் என்பதை அவள் அப்பாவிடம் சொல்லவில்லை. சந்தோஷமாக இருக்கிற மனுஷனை ஏன் கெடுக்க வேண்டும்?

தெருவில் அதன்பிறகு ஆளாளுக்கு வைத்தியம் கேட்டார்கள். மாத்திரைப் பட்டையை நீட்டி, இது சாப்பாட்டுக்கு முன்னாடியா பின்னாடியா என்றார்கள். குழந்தையின் நாக்கை நீட்டச் சொல்லிக் காட்டினார்கள். "எனக்குத் தெரியாதுங்க, டாக்டரைப் பாருங்க" என்று அவள் உண்மையைச் சொன்னால், எவ்வளவு அடக்கமான பெண் என்று மெச்சிக்கொண்டு போனார்கள்.

ஆஸ்பத்திரியில் நிலைமை தலைகீழ். அங்கே அவளுக்குப் பெயர் கீச்சு. வேலைக்குச் சேர்ந்த அன்று வாங்கிய ஷூ நடக்கும்போதெல்லாம் கீச் கீச்சென்று கத்தியது. அவள் எந்தக் கட்டிலுக்குப் போகிறாள் என்பது வார்டு முழுக்கத் தெரிந்துவிடும். ட்ரிப்ஸ் ஏற்ற ஊசித் தட்டை எடுத்துக்கொண்டு அவள் கிளம்பினால், அந்தச் சத்தம் கேட்டே நோயாளிகள் கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொள்வார்கள்.

"பாப்பா, நீ நல்லா இருப்பே. அந்தப் பெரிய சிஸ்டரைக் கொஞ்சம் கூப்பிடேன்."

"ஒரே ஒரு தடவை பாக்கறேன் தாத்தா."

"காலையில ரெண்டு தடவை பாத்தியே கண்ணு. இனிமே பாக்க எங்கிட்ட எடமில்லை."

நரம்பு கண்ணுக்குத் தெரியும், கைக்குச் சிக்காது. படிக்கும்போது பரீட்சையில் முதல் மார்க் வாங்கியவள் அவள். ஆனால் புத்தகத்தில் இருந்த நோயாளிக்கு ஒரு நேரத்தில் ஒரு நோய்தான் இருந்தது. அவள் பக்கம் புரட்டும்வரை அவர் அசையாமல் படுத்திருந்தார். வார்டில் ஒருவருக்கு மருந்து கலக்கும்போதே இன்னொருவர் வாந்தி எடுப்பார், மூன்றாமவரின் மச்சான் வந்து ஃபேன் சுற்றவில்லை என்பான், போன் அடிக்கும். எதை முதலில் செய்வது என்று எந்தப் பக்கத்திலும் எழுதியிருக்கவில்லை. கையும் ஓடாது, காலும் ஓடாது. டிபன் பாக்ஸைத் திறக்காமலே வீட்டுக்குக் கொண்டுவருவாள்.

வீட்டில் அப்பா காத்திருப்பார். அவருக்கு வருஷக் கணக்காக இழுப்பு உண்டு. காலமெல்லாம் துணிப்பிசிறை மூச்சோடு உள்ளே இழுத்தவர். மழைக்காற்று அடித்தால் நெஞ்சு விசிலடிக்கும். மாதம் தவறாமல் டாக்டரிடம் போய்க்கொண்டிருந்தவர், மகள் நர்ஸ் ஆனதும் போவதை நிறுத்திவிட்டார்.

"எதுக்குடி டாக்டரு? அங்க போனா காத்துக்கிட்டு உக்காரணும். நீ இருக்கியே."

"நான் டாக்டர் இல்லப்பா."

"டாக்டருக்கு யாரு எடுத்துக் குடுக்கறா? நர்ஸு. நீ இல்லாம அவனால ஒரு ஊசி போட முடியுமா, சொல்லு."

சட்டையை அவிழ்த்துவிட்டு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொள்வார். அவள் ஸ்டெதஸ்கோப் குழாயை வைத்துக் கேட்பாள். அந்தக் குழாய்க்கு அவரே ஒரு நீலத் துணிப் பை தைத்துக் கொடுத்திருந்தார். அவளுடைய யூனிஃபார்மும் அவர் தைத்ததுதான். பேனாவுக்கு ஒரு பாக்கெட், கைக்குட்டைக்கு ஒன்று, இடுப்பில் சின்னக் கத்தரிக்கோல் செருக நீளமாக ஒன்று. "கத்தரி வைக்க எடமில்லாத உடுப்பு என்ன உடுப்பு" என்பது அவர் கொள்கை. ஆஸ்பத்திரியில் வேறு யாருக்கும் அப்படிப்பட்ட பாக்கெட் இல்லை.

வார்டில் ஜன்னலோரக் கட்டிலுக்கு ஒரு பஸ் கண்டக்டர் வந்து சேர்ந்தார். ஓய்வு பெற்றவர். அவருக்கும் இழுப்புதான். மூக்கில் ஆக்சிஜன் குழாய், நெஞ்சில் இடைவிடாத விசில். இரண்டு வார்த்தை பேசுவார், மூச்சு வாங்குவார், மறுபடி இரண்டு வார்த்தை பேசுவார்.

"வேலையை விட்டும்... இந்த விசில் என்னை விடல பாத்தியா" என்றார் அவளிடம். சிரிக்கப் போய் இருமினார். வார்டிலேயே அவளிடம் கையை நீட்டிய ஒரே ஆள் அவர்தான். "குத்தும்மா... எவ்வளவோ பேர்... என் காலை மிதிச்சிருக்கான்... நீ கையில குத்தறதா பெருசு." அவர் கையில்தான் அவளுக்கு முதன்முதலாக ஒரே குத்தில் நரம்பு கிடைத்தது. "போலாம் ரைட்!" என்றார் அவர். அன்று முழுக்க அவள் தரையில் நடக்கவில்லை.

அடுத்த நாள் காலையிலிருந்து அவருக்கு முடியவில்லை. படுக்க முடியாமல், கட்டிலில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு உட்கார்ந்தே இருந்தார். தோள் ஏறி ஏறி இறங்கியது. விசில் வார்டு வாசல்வரை கேட்டது. பக்கத்தில் மனைவி, சாப்பிடாமல் முதுகை நீவிக்கொண்டிருந்தாள். டாக்டர் எழுதிக் கொடுத்த மருந்துப் புகையை அவள் ஷூ கீச்சிட வந்து மாற்றி மாற்றி வைத்தாள். மத்தியானம் சாய்கிற நேரத்தில் விசில் குறைந்தது. தோள் ஆட்டம் குறைந்தது. தலையணையில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். விரலில் மாட்டியிருந்த கருவியில் எண்ணும் நன்றாகவே இருந்தது.

அவளுக்கு அப்படி ஒரு சந்தோஷம். தன் கையால் ஒரு மனுஷன் தேறிவிட்டான் என்ற சந்தோஷம்.

"இப்பப் பரவாயில்லம்மா. தூங்கறார் பாருங்க" என்றாள் அவர் மனைவியிடம். "நீங்க கீழ போயி ஒரு டீயாவது குடிச்சிட்டு வாங்க. நான் பாத்துக்கறேன்."

அந்த அம்மாள் அவள் கன்னத்தைத் தொட்டுவிட்டுப் போனாள்.

வேறொரு கட்டிலுக்காக வந்த பெரிய சிஸ்டர் ஜன்னலோரத்தைத் தாண்டிப் போனாள். இரண்டு எட்டு வைத்தவள் நின்றாள். திரும்பி வந்து அவர் முகத்தைப் பார்த்தாள். தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"இவர் எப்பலேர்ந்து இப்படி இருக்கார்?"

"இப்பதான் தூங்கினார் சிஸ்டர். விசில் நின்னுடுச்சு."

"தூங்கலடி. ஓஞ்சு போயிட்டார். மூச்சு விடறதுக்குத் தெம்பு இல்லாம விசில் நின்னிருக்கு." இதைச் சொல்லும்போதே கட்டிலின் தலைமாட்டை இறக்கிவிட்டு டாக்டரைக் கூவி அழைத்தாள்.

எல்லாரும் ஓடிவந்தார்கள். திரையை இழுத்தார்கள். அவள் அவருடைய சட்டைப் பட்டனைக் கழட்டிக்கொண்டிருந்தாள். விரல் நடுங்கியதில் காஜாவுக்குள்ளிருந்து பட்டன் வெளியே வரமாட்டேன் என்றது. "பட்டனைக் கழட்டவா நேரம் இருக்கு? வெட்டு!" என்று பெரிய சிஸ்டர் கத்தினாள். அவள் அப்பா தைத்த பாக்கெட்டிலிருந்து கத்தரியை உருவி, கழுத்திலிருந்து கீழே கோணலும் மாணலுமாக வெட்டினாள். அப்புறம் டாக்டர் நெஞ்சை அழுத்த ஆரம்பித்தார். ஒருவர் மருந்துக்கு ஓடினார், ஒருவர் குழாய்க்கு ஓடினார், அவளும் எதற்கோ ஓடினாள். கொஞ்ச நேரம் கழித்துக் கவனித்தபோது யாரும் ஓடவில்லை. எல்லாரும் நடந்துகொண்டிருந்தார்கள். அதிலிருந்துதான் அவளுக்கு விஷயம் புரிந்தது.

அவர் மனைவி அவருக்கும் சேர்த்து ஒரு பன் வாங்கிக்கொண்டு மேலே வந்தாள். அழுது ஓய்ந்த பிறகு அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "தூக்கத்துலயே போயிட்டார் இல்லம்மா? நீதானே சொன்னே, தூங்கறார்னு. கஷ்டப்படல இல்ல?" என்று கேட்டாள்.

"ஆமாம்மா" என்றாள் அவள். வேறு என்ன சொல்வது?

பெரிய சிஸ்டர் திட்டியிருந்தால்கூடத் தேவலை. "அப்புறம் பேசலாம்" என்றுதான் சொன்னாள். ஜன்னலோரக் கட்டிலுக்கு ஒரு மணி நேரத்தில் புது விரிப்பு போட்டாயிற்று, புது ஆள் வந்தாயிற்று. பேசுவதற்கான அந்த அப்புறம் வரவே இல்லை.

அன்றிலிருந்து அவளுக்குத் தூங்குகிறவர்களைக் கண்டாலே ஆகவில்லை. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். குறட்டை நின்றால் போய் உலுக்கினாள். நன்றாகத் தேறி, மறுநாள் வீட்டுக்குப் போக வேண்டிய ஆளை மத்தியானத் தூக்கத்தில் எழுப்பி, "உங்க பேரு சொல்லுங்க" என்று கேட்டாள். "உனக்குத் தெரியாதா என் பேரு? காலையிலதானே கூப்பிட்டே" என்று அவர் சீறினார். ஒன்றுமில்லாததற்கெல்லாம் டூட்டி டாக்டருக்குப் போன் போட்டாள். அவர் வயசில் சின்னவர், வாய் பெரியது. "கீச்சு, ஒரு மனுஷன் ஆஸ்பத்திரியில தூங்கறது குத்தமா? அதுக்கு என்ன மருந்து எழுதறது, சொல்லு" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்துவைத்தாள்.

வீட்டிலும் அதே கதைதான். அப்பா கண்ணசந்தால் போதும், மூக்குக்குக் கீழே விரலை வைத்துப் பார்ப்பாள்.

"உயிரோடதான்டி இருக்கேன். தூங்க விடு."

அது பள்ளிக்கூடம் திறக்கும் சமயம். வருஷத்தில் தையல்காரனுக்கு மூச்சு விட நேரமில்லாத காலம். முன்னறையில் இரண்டு மெஷினும் நீலப் பாவாடையும் வெள்ளைச் சட்டையுமாக மூழ்கிக் கிடந்தன. அப்பா வெட்டுவார், தைப்பார். அம்மா காஜா எடுப்பாள், பட்டன் கட்டுவாள், மடித்து அடுக்குவாள். கிடங்கு வேலை முடிந்து வரும் அண்ணன் வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுப்பான். அந்த நேரம் பார்த்து மழையும் பிடித்துக்கொண்டது. காயாத துணி வாடையும் ஈரமுமாக, அப்பாவுக்கு இழுப்பு ஏறியது.

முதல் முறை இழுத்தபோது அவள் பதறிப்போய் ஆட்டோவில் போட்டுத் தான் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரிக்கே கூட்டிப்போனாள். அவசரப் பிரிவில் மருந்துப் புகை கொடுத்து, நன்றாகத்தான் இருக்கிறார் என்று திருப்பி அனுப்பினார்கள். அடுத்த வாரம் மறுபடியும். அன்று அப்பா நிஜமாகவே தூங்கிக்கொண்டுதான் இருந்தார். அவள் எழுப்பி, பேர் கேட்டு, அவர் தூக்கக் கலக்கத்தில் உளற, அதைப் பார்த்து அவள் அலறி, தெருவே கூடி வழியனுப்பி வைத்தது. டூட்டி டாக்டர் அவரைச் சோதித்துவிட்டு, "அய்யா, உங்களுக்கு ஒண்ணுமில்ல. பொண்ணைக் கொஞ்சம் தூங்கச் சொல்லுங்க" என்றார். அப்பாவுக்கு முகம் சுருங்கிப்போயிற்று. மகள் பெருமையைப் பேசிய வாய். அந்த மகளைப் பார்த்து அங்கே எல்லாரும் சிரித்ததை அவரால் தாங்க முடியவில்லை.

"இனிமே நான் சொன்னாத்தான் போகணும்" என்றார் வீட்டுக்கு வந்து. "புலி வருது புலி வருதுன்னு ஊரைக் கூட்டாத. உனக்குத்தான் கெட்ட பேரு."

மூன்றாவது முறை இழுப்பு வந்து இரண்டு நாள் ஆகியும் அவர் அசையவில்லை. உட்கார்ந்தே மூச்சு வாங்கினார், உட்கார்ந்தே துணி வெட்டினார். ராத்திரி அவரும் தூங்கவில்லை, யாரையும் தூங்கவிடவுமில்லை. காலையில் வேலைக்குக் கிளம்பும்போது அவள் வாசலில் தயங்கி நின்றாள்.

"அப்பா, ஒரு எட்டு வந்துட்டு..."

"போடி... உனக்குத் தலைக்கு மேல... வேலை இருக்கு. ரெண்டு தடவை... ஊர்வலம் போனது போதும்."

நெஞ்சு விசிலடித்துக்கொண்டிருந்தது. விசில் கேட்கும்வரை பயமில்லை என்று அவள் தனக்குள் ஒரு கணக்கு வைத்திருந்தாள். மருந்து உறிஞ்சும் பம்ப்பை அவர் கைக்கு எட்டும்படி வைத்துவிட்டு, ஏதாவது என்றால் போன் போடச் சொல்லி அம்மாவிடம் படித்துப் படித்துச் சொல்லிவிட்டுப் போனாள்.

மத்தியானம் திரும்பி வந்தபோது தெருவில் முழங்கால் அளவு தண்ணீர். ஷூவைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தாள். வீட்டுக்குள் மெஷின் சத்தம் இல்லை. விசில் சத்தமும் இல்லை.

அம்மா வாயில் விரலை வைத்து எச்சரித்தாள். முகம் தெளிந்திருந்தது. "சத்தம் போடாதடி. அப்பாடான்னு இப்பதான் கண்ணசந்தார். ரெண்டு நாளா பொட்டுத் தூக்கம் இல்லாத மனுஷன். இழுப்பு நின்னுடுச்சு."

"எப்ப?"

"கொஞ்ச நேரம் முன்னாடிதான். உனக்குப் போன் போட எடுத்தேன். சரி, அதுக்குள்ள அடங்கிடுச்சேன்னு விட்டுட்டேன்."

அப்பா வெட்டும் பலகைக்குப் பின்னால் நாற்காலியில் சுவரோடு சாய்ந்திருந்தார். கழுத்தில் டேப் தொங்கியது. சாம்பல் நிறக் கட்டம் போட்ட சட்டை, அவரே தைத்தது. வயிறு மேலே வரும்போது நெஞ்சு உள்ளே போனது. நெற்றி வேர்த்துக் குளிர்ந்து கிடந்தது.

முந்தின இரண்டு தடவையும் அவளுக்குப் பயம்தான் முதலில் வந்தது. பயந்துகொண்டே என்ன என்று தேடினாள். இந்தத் தடவை பயம் வரவில்லை. பார்த்தாள், தெரிந்தது. அவ்வளவுதான். இரண்டு எட்டு தாண்டிப் போன பெரிய சிஸ்டர் எதனால் நின்று திரும்பினாள் என்பதுகூட அப்போது விளங்கியது. இவ்வளவு நாளாக இல்லாமல் இருந்து, வரக்கூடாத இடத்தில் வந்து நின்றது அந்தத் தெளிவு.

"அண்ணா, வண்டியைக் கூப்பிடு."

அண்ணன் உள்ளே சோறு தின்றுகொண்டிருந்தான். "மறுபடியுமா?" என்றான் எழுந்திருக்காமல்.

"தூங்கலண்ணா. ஓஞ்சு போயிட்டார்."

"போன தடவையும் இதைத்தானே சொன்னே?"

"போன தடவை எனக்குத் தெரியல. இப்பத் தெரியுது."

"என்னடி தெரியுது? இப்பதான் மனுஷன் நிம்மதியா இருக்கார். இந்த மழையில இழுத்துட்டுப் போனா இல்லாத இழுப்பும் வரும்."

அம்மா இருவருக்கும் நடுவில் வந்து நின்றாள். "ஏன்டி, உனக்கு என்னதான் ஆச்சு? யாரு தூங்கினாலும் உனக்குப் பொறுக்கலையே. எழுப்பாதடி, உன்னைக் கும்பிட்டுக் கேட்டுக்கறேன்."

"அம்மா, தூங்கறவர்னா எழுப்பினா எழுந்திருப்பார் இல்ல? எழுப்பிப் பாரேன்."

"நான் மாட்டேன்."

அவள் அப்பாவின் தோளை உலுக்கினாள். "அப்பா! அப்பா, என்னைப் பாருங்க!" இமை பாதி திறந்து, கண் எங்கேயோ பார்த்துவிட்டு மூடிக்கொண்டது. வாய் மட்டும் ஏதோ அளவு சொல்வதுபோல் முணுமுணுத்தது.

"பாரு, பேசறார்" என்றாள் அம்மா.

"அவர் கையைப் பாரும்மா. நகத்தைப் பாரு, நீலம்."

"அது சாக்குக்கட்டிடி. வெள்ளைச் சட்டைக்கு நீலச் சாக்குதானே போடுவார். காலையிலேர்ந்து அதுலதானே கோடு போட்டுக்கிட்டிருந்தார்." அம்மா அலுப்போடு முந்தானையை வாய் ஈரத்தில் நனைத்து, அவர் விரலை எடுத்துத் துடைத்தாள். விரல் நுனியில் இருந்த தூள் துணிக்கு வந்தது. நகத்தில் இருந்த நீலம் அப்படியே இருந்தது. இன்னொரு விரலைத் துடைத்தாள். அழுத்தித் துடைத்தாள். அண்ணன் எச்சில் கையோடு வந்து எட்டிப் பார்த்தான். அம்மா மூன்றாவது விரலைத் துடைத்துக்கொண்டிருக்கும்போதே அவன் போனை எடுத்துவிட்டான்.

ஆம்புலன்ஸ் தெருமுனைக்குமேல் வரமாட்டேன் என்றது. தண்ணீரில் வண்டி நின்றுவிடும் என்றார் டிரைவர். அப்பாவை நாற்காலியோடு தூக்கினார்கள். அண்ணன் ஒரு பக்கம், அவர் தைத்த சட்டை போட்ட எதிர்வீட்டுக்காரர் ஒரு பக்கம். அவள் பின்னால் அவர் தலையைத் தாங்கிக்கொண்டு, தண்ணீருக்குள் கால் வைத்து வைத்து நடந்தாள். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் ஆள் நின்றது. "மறுபடியும் ஆஸ்பத்திரியா?" என்று ஒரு குரல் சிரித்தபடி கேட்டது. காலையில் அப்பா ஊர்வலம் என்று சொன்னது அன்றுதான் பொருந்தியது. அவளுக்கு அந்த நினைப்பு வந்ததற்காகவே தன்மேல் ஆத்திரம் வந்தது.

வண்டியில் ஆக்சிஜன் வைத்தார்கள். வழியெல்லாம் அவள் பேசிக்கொண்டே வந்தாள். "அப்பா, மூச்சு விடுங்கப்பா. இழுங்க. இன்னொண்ணு. இன்னொண்ணுப்பா." படித்ததெல்லாம் ஞாபகத்தில் இருந்தது. ஒன்றுகூடத் தவறவில்லை. ஆனால் அதைவைத்துச் செய்வதற்கு அந்த வண்டியில் ஒன்றுமே இல்லை.

அவசரப் பிரிவு வாசலில் டூட்டி டாக்டர் நின்றுகொண்டிருந்தார். "என்ன கீச்சு, அப்பாவை மறுபடியும்..." என்று ஆரம்பித்தவர், ஸ்ட்ரெச்சரில் முகத்தைப் பார்த்தார். "உள்ள! சீக்கிரம்!" என்று தானே பிடித்துத் தள்ளிக்கொண்டு ஓடினார்.

அவளும் கூடவே ஓடினாள். கதவருகில் ஒரு கை அவளை நிறுத்தியது. பெரிய சிஸ்டர்.

"நீ வேணாம்."

"சிஸ்டர், நான் கூட நிக்கறேன். மருந்து எடுத்துத் தரேன். ஒண்ணும் பேச மாட்டேன்."

"இன்னிக்கு நீ நர்ஸ் இல்லடி, மக. வெளிய நில்லு."

"விசில் நின்னு ரொம்ப நேரம் ஆச்சு சிஸ்டர்."

பெரிய சிஸ்டர் அவளை ஒரு கணம் பார்த்தாள். "பாத்துட்டே இல்ல" என்றாள். திட்டவுமில்லை, மெச்சவுமில்லை. கதவு மூடிக்கொண்டது.

வெளியே பெஞ்சில் அம்மா ஈரப் புடவையோடு உட்கார்ந்திருந்தாள். அண்ணன் சுவரைப் பார்த்து நின்றான். கதவுக்கு அந்தப் பக்கம் நடப்பதெல்லாம் காதில் விழுந்தது. அம்மாவுக்கும் அண்ணனுக்கும் அது வெறும் சத்தம். அவளுக்கு ஒவ்வொன்றும் அர்த்தத்தோடு கேட்டது. தெரியாமலே இருந்திருக்கலாம் என்று அவள் ஏங்கினாள். வார்டில் திருதிருவென்று முழித்த நாட்களில் அவள் வேண்டாத தெய்வமில்லை, சீக்கிரம் எல்லாம் தெரிய வேண்டும் என்று.

"என்னடி சத்தம் அது?"

"தள்ளுவண்டிம்மா. மருந்து வண்டி."

"ஏன் இப்படி ஓடறாங்க?"

"ஓடட்டும்மா. ஓடறது நல்லதுதான்."

"நான்தான்டி தூங்கறார்னு..." அம்மாவின் குரல் உடைந்தது. "உனக்குப் போன் போட எடுத்தேன்டி. எடுத்துட்டு வெச்சுட்டேன். தூங்கறார்னுதானே நெனச்சேன்."

"யாரா இருந்தாலும் அப்படித்தாம்மா நெனைப்பாங்க" என்றாள் அவள். "நானே நெனச்சிருக்கேன்."

கதவு திறந்தது. அவளோடு சேர்ந்த இன்னொரு புது நர்ஸ் ஒரு பிளாஸ்டிக் பையோடு வந்தாள். அவள் முகத்தைப் பார்க்காமல், "அய்யாவோட சாமான்" என்று அம்மாவிடம் நீட்டிவிட்டுத் திரும்பி உள்ளே ஓடினாள். வந்தவள் ஓடினாள் என்பதை அவள் கவனித்துக்கொண்டாள்.

பையில் டேப் இருந்தது, மூக்குக்கண்ணாடி இருந்தது, அந்தக் கட்டம் போட்ட சட்டை இருந்தது. அம்மா சட்டையை எடுத்து மடியில் விரித்தாள். கழுத்திலிருந்து கீழ் மடிப்புவரை, பட்டன் வரிசைக்குப் பக்கத்தில், சட்டை இரண்டாகக் கிடந்தது. எல்லாப் பட்டனும் அதனதன் காஜாவுக்குள் பத்திரமாகப் பூட்டியே இருந்தன.

"அய்யோ, ஏன்டி வெட்டினாங்க? கழட்டியிருக்கலாமே. பட்டனைக் கழட்டக்கூடவா தெரியாது? நான் எடுத்த காஜா, அவ்வளவு இறுக்கமாவா இருக்கு?"

அவள் பையிலிருந்த டேப்பை எடுத்துச் சுருட்டினாள்.

அம்மா வெட்டின இடத்தை விரலால் தடவிக்கொண்டே போனாள். கோணிப்போன இடத்தில் விரல் நின்றது, மறுபடி நகர்ந்தது. இரண்டு ஓரத்தையும் சேர்த்துவைத்துப் பார்த்தாள். கட்டம் கட்டத்தோடு சேர்ந்தது. அம்மாவின் முகத்தில் கொஞ்சம் தெம்பு வந்தது.

"வெட்டினவளுக்குக் கை நடுங்கியிருக்கு போல. பரவால்ல. உள்பக்கமா ஒரு பட்டி வெச்சு அடிச்சா தெரியாது. இதே நூல் வீட்ல இருக்கு. அவர் வந்தா திட்டுவார், அதுக்குள்ள நானே தைச்சுடறேன். என்னடி, தைச்சுடலாம் இல்ல?"

உள்ளே ஓட்டம் நின்றிருந்தது. காலடிகள் நடந்துகொண்டிருந்தன. அதில் ஒன்று கதவை நோக்கி, அவசரமில்லாமல், வந்துகொண்டிருந்தது.

"ஆமாம்மா" என்றாள் அவள். "தைச்சுடலாம்."